ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே உடைந்த கண்ணாடி

மண் வேலையிலிருந்து கண்ணாடிக்கு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டீர்கள். எங்கள் பட்டறையைத் தேடி வரும் ஐந்து பேரில் மூன்று பேராவது முன்பு சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைந்தவர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். வெப்ப அட்டவணைகளை நான் எழுதப் போவதில்லை. அவை என்னிடம் இருப்பதைவிட உங்கள் ஃபோனில் நன்றாகவே இருக்கின்றன. நான் ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் சொன்ன ஒரு தீர்ப்பைப் பற்றி எழுதுகிறேன். அது தவறு. தவறு என்று தெரிந்த பிறகும் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தக் காரியத்தில் சில இடங்கள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோல் எழுத மாட்டேன். அதைத்தான் அன்று செய்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கவின்கலைக் கல்லூரியில் மண் சிற்பம் படித்தேன். சேலத்தில் சூளைகளுக்குத் தீச்செங்கல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு மகுடஞ்சாவடிக்கு அருகே சொந்தப் பட்டறை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணிலேயே கிடந்தேன். அறுபது தாண்டிய பிறகு கண்ணாடிக்கு மாறினேன். ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மண் வெளிச்சத்தை மேலேயே வாங்கிக்கொள்ளும். கண்ணாடி உள்ளே விடும். இதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.

எனக்குக் கண்ணாடி வேலை கற்றுக்கொடுத்த அம்மையார் என்னைவிட இருபது வயது சிறியவர், வேறு ஊர்க்காரர். முதல் நாளே அவர், "சார், உங்களுக்குச் சூளை தெரியும்னு எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் மறந்துட்டு வாங்க," என்றார். நான் சிரித்தேன். முப்பது ஆண்டு கற்றதை எந்த மனிதன் மறந்துவிட்டு வருவான்?

மண் பாண்டம் சுடுகிறவனுக்கு வேலை உச்சச் சூட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சூளையை மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம். கனத்த செங்கல் சுவர் தானாகவே மெல்ல மெல்ல ஆறும். கண்ணாடியில் நிலைமை தலைகீழ். தகடுகளை அடுக்கி உருக்கி ஒன்றாக்குவது சின்ன வேலை. ஆற்றுவதுதான் பெரிய வேலை. குறிப்பிட்ட ஒரு சூட்டில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே அளவுக்கு வரும்வரை பிடித்து வைக்க வேண்டும். கனம் கூடக்கூடப் பிடிக்கும் நேரமும் பல மடங்கு கூடும். போதாமல் போனால் கண்ணாடிக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும். இதெல்லாம் என் நோட்டில் எழுதியிருந்தது. எழுதி வைத்திருந்தேன் என்பதற்கும் தெரிந்திருந்தது என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சங்ககிரி சாலையில் ஒரு சின்ன கத்தோலிக்கக் கோயில். அங்கிருந்த பங்குத் தந்தை இளைஞர். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே, கிழக்குச் சுவரில் இருந்த திறப்புக்குக் கண்ணாடியில் ஒரு பலகம் செய்து தரக் கேட்டார். தண்ணீர் விழுவதுபோல் செய்தேன். ஓரங்களில் மெல்லிய தகடு, நடுவில் தண்ணீர் திரளும் இடத்தில் நான்கு அடுக்கு. ஆற்றும் நேரத்தை ஓரத்தின் கனத்துக்குக் கணக்கிட்டு முழுவதுக்கும் அதையே வைத்தேன். நடுப்பகுதி அதைவிட நாலு மடங்கு கனம் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். 'ஆறுவதுதானே, ஆறிவிடும்' என்று பழைய கை சொன்னது.

வெளியே எடுத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பானை தட்டிப் பார்க்கும் பழக்கம். கணீரென்று கேட்டது. மண்ணில் விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். கண்ணாடிக்குள் இருக்கும் இழுவிசைக்குச் சத்தத்தில் எந்த மாற்றமும் இராது. ஒருவேளை இன்னும் அழகாகக்கூடக் கேட்கலாம். நான் திருப்தியாகக் கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

நாற்பது நாள் நின்றது. அடுத்த ஞாயிறு ஆயர், அதாவது பிஷப், வந்து பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்துவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை பங்குத் தந்தை ஃபோன் செய்தார். கண்ணாடி உடைந்துவிட்டது என்றார்.

நான் போனபோது கோயிலில் பத்துப் பேர் இருந்தார்கள். பலகத்தின் பாதி சட்டத்திலேயே நின்றது. மீதி கீழே விழுந்திருந்தது. விழுந்த துண்டுகளை யாரோ செய்தித்தாளில் பெரியது சிறியது பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கியவர் ஆரோக்கியமேரி. அறுபது வயதிருக்கும். அந்தக் கோயிலைக் கூட்டி, பீடத் துணிகளைத் துவைத்து, பூ வைத்து, இருபது வருடங்களாகச் செய்துவருகிறவர். சம்பளத்துக்கு அல்ல, தானாக. அன்று காலைப் பூசை முடிந்ததும் ஆயர் வருகைக்காக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோயிலில் அப்போது வேறு யாரும் இல்லை. நீண்ட ஒட்டடைக் குச்சி இன்னும் தூணில் சாய்ந்திருந்தது. எல்லாருடைய கண்ணும் அந்தக் குச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே போய்ப் போய் வந்தது.

"நான் நடுக்கோயில்ல நின்னுட்டு இருந்தனுங்க," என்றார் என்னிடம். "டொக்குனு ஒரு சத்தம். பல்லி கில்லி உழுந்துச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். திரும்பிப் பார்த்தா பாதி கீழ கெடக்குது. அந்தப் பக்கம் நான் இன்னும் போகவே இல்லைங்க சார்."

அந்தப் பத்துப் பேரில் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் இருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், எதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். "ஏனுங்க சார், நாங்க பாறையில ஆயிரம் அடிக்கு ஓட்டை போடறோம். அதுகூட இத்தனை ரோசம் காட்டறதில்லை. உங்க கண்ணாடி ஒட்டடைக் குச்சிக்கே கோவிச்சுக்கிச்சே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிறகு ரிக் வண்டிக்காரரே, "சொல்லுங்க சார், இது சூளைக் கோளாறுங்களா, கைக் கோளாறுங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள். இரண்டே கதவுகள். ஒன்று என்னுடையது, மற்றது அந்த அம்மாளுடையது. மூன்றாவது பதில் ஒன்று உண்டு. 'தெரியவில்லை, ஒரு மாதம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.' எனக்கு அது தோன்றவே இல்லை. அது என் முதல் பெரிய கண்ணாடி வேலை. மண்ணை விட்டுவிட்டு இந்த வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்டவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்காமலேயே அது எனக்குள் வேலை செய்திருக்கும்.

நான் குனிந்து துண்டுகளைப் பார்த்தேன். நேர்மையாகத்தான் பார்த்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். மண் பாண்டத்தில் விரிசலைப் படிக்க ஒரு முறை உண்டு. விரிசலின் ஓரம் மழுங்கி, மேலே பூசிய மெருகு உருகி அதில் வழிந்திருந்தால் அது சூளைக்குள் விழுந்த விரிசல். ஓரம் கத்திபோல் கூராக இருந்தால் மெருகு இறுகிய பிறகு விழுந்தது. சூளையிலிருந்து வந்து சில நாள் தாங்கிவிட்ட பாண்டத்தில் கூரான விரிசல் வந்தால் எங்கேயோ இடிபட்டிருக்கிறது என்று பொருள். நூற்றுக்கணக்கான முறை இப்படிப் படித்திருக்கிறேன், பெரும்பாலும் சரியாகவே. இந்தத் துண்டுகளின் ஓரம் கூராக இருந்தது. நாற்பது நாள் தாங்கியிருந்தது. தட்டிப் பார்த்துத்தான் கொடுத்திருந்தேன். ஒரு துண்டின் மூலையில் சின்னதாகச் சிதறல்கூட இருந்தது. அது தொட்டியின் கல் விளிம்பில் விழுந்து உண்டான சிதறல் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அதை அடிபட்ட இடம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சூளைக் கோளாறு இல்லைங்க. வெளியிலேருந்து இடிபட்டிருக்கு," என்றேன்.

"நான் தொடவே இல்லைங்களே சார்," என்றார் ஆரோக்கியமேரி.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரக்கம்தான் வந்தது. அந்த இரக்கத்தில்தான் அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். "தெரிஞ்சு பட்டிருக்காதும்மா. வயசானா கை நமக்குத் தெரியாமலே கொஞ்சம் ஆடும். எனக்கும்தான் ஆடுது."

என் கை ஆடவில்லை. அன்றும் ஆடவில்லை, இந்த எழுபத்து நான்கு வயதிலும் ஆடவில்லை.

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். பங்குத் தந்தை உடனே, "விடுங்க மேரியம்மா. கண்ணாடிதானே. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை," என்றார். உண்மையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே அவரை மன்னித்துவிட்டார்கள். ரிக் வண்டிக்காரர்கூட, "போங்கக்கா, போய் ஒரு டீ குடிங்க," என்றார். துண்டுகளை நான் பையில் எடுத்துக்கொண்டேன். புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காரில் வரும்போது, ஒரு ஏழை அம்மாளை மனம் நோகாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதக் கூசுகிறது.

இரண்டாவது பலகத்தை அதே வரைபடத்தில், அதே அட்டவணையில் செய்தேன். எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கணீர். பட்டறையில் மேசைமேல் கம்பளி விரித்துப் படுக்க வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். டொக் என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை, கனமான நடுப்பகுதி வழியாக, ஆறு வளைவதுபோல் ஒரு விரிசல். முதல் பலகத்தில் விழுந்த அதே வளைவு. யாரும் தொடவில்லை. காற்றுகூட இல்லை.

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்வு இல்லை. குழப்பம்தான். ஓரம் கூராக இருக்கிறது; ஆனால் இடிபடவில்லை. அப்படியானால் நான் முப்பது ஆண்டு படித்த எழுத்து இங்கே வேறு மொழியா? வேறு மொழி என்றால், அன்று நான் வாசித்துக் காட்டியது என்ன?

கண்ணாடி கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு ஃபோன் செய்தேன். "ஆத்தறதுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிறகு, "நடுவுல எத்தனை அடுக்கு?" என்றார். அதையும் சொன்னேன். "சார், அது உடையாம இருந்தாத்தான் ஆச்சரியம்," என்றார். அவர்தான் சோதிக்கும் வழியையும் சொன்னார். ஃபோன் திரைகளில் ஒட்டியிருக்கும் கருப்பான மெல்லிய தாள் இரண்டு வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் வெளிச்சமே வராது, முழு இருட்டாகிவிடும். இடையில் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், இழுவிசை தங்கியிருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும்.

சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோன் பழுது பார்க்கும் கடையில் உடைந்த திரைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கினேன். "எதுக்குங்க அய்யா, தூக்கிப் போடறதுதானே இது?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் தாளை உரித்து, கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக இடையில் பிடித்தேன். நடுப்பகுதித் துண்டுகள் எல்லாம் உள்ளே மின்னல் மாட்டிக்கொண்டதுபோல் ஒளிர்ந்தன. உடைந்த பிறகும் அந்த இழுவிசை அவற்றுக்குள் மிச்சமிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. மூன்றாவது பலகம் நன்றாக வரட்டும், அதோடு போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு, அந்த அம்மாள்தான் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று வைத்தேன். ஆமாம், இடையில் பங்குத் தந்தை ஃபோனில் பேசியபோது, "மேரியம்மாவே 'நான்தான் இடிச்சிருப்பேன்'னு சொல்லிட்டாங்க சார்," என்றிருந்தார். இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் என்னை அதிகம் குழப்பியது. இழுவிசை தங்கிய கண்ணாடிக்கு லேசாக ஒரு தொடுகை போதும். குச்சியின் நுனி நார் பட்டிருந்தால்? அப்போது நான் சொன்னது பாதி சரி ஆகாதா? பாதி சரி என்ற அந்த இடத்தில் மூன்று மாதம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பலகத்தை நடுப்பகுதியின் கனத்துக்குக் கணக்கிட்டு, முன்பைவிடப் பல மடங்கு நேரம் ஆற்றினேன். தாள்களுக்கு இடையில் பார்த்தேன், இருட்டாகவே இருந்தது. கொண்டுபோய்ப் பொருத்தினேன். பீடத்தில் பூ இல்லை. துணி கசங்கியிருந்தது. ஆரோக்கியமேரி எங்கே என்று கேட்டேன்.

"அவங்க இப்ப வேலைக்கு வர்றதில்லைங்க சார். பூசைக்கு வருவாங்க, பின்னாடி உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்க," என்றார் பங்குத் தந்தை. "கை நடுக்கமாம். எதையாவது ஒடச்சிடுவேன்னு பயப்படறாங்க. வீட்ல பேத்தி பொறந்து ஆறு மாசம். அதைக்கூட அவங்க கையில குடுக்கறதில்லையாம். மருமகளுக்குப் பயம்."

"எப்பலேருந்து நடுக்கம்?"

"அன்னைக்கு நீங்கதானே சார் கண்டுபிடிச்சுச் சொன்னீங்க," என்றார். குத்திக் காட்டவில்லை. ஒரு டாக்டர் கண்டுபிடித்ததைச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னார்.

அங்கேயே, சட்டத்தில் சாந்து காயும் முன்பே, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டியைப் பார்த்தபடியே, "ஞாயிற்றுக்கிழமை பூசையில அறிவிச்சுடறேன். ஆனா நீங்க இப்பவே அவங்க வீட்டுக்குப் போங்க," என்றார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. ஆரோக்கியமேரி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கண்ணாடியின் குற்றம், என் குற்றம், யாரும் தொடாமலேயே உடையக்கூடியதாக அதை நான் செய்து கொடுத்துவிட்டேன், தெரிந்தும் மூன்று மாதம் சொல்லவில்லை, ஞாயிறு பூசையில் பங்குத் தந்தை இதை அறிவிப்பார்.

அவர் முகம் மலரவில்லை. "அப்ப நான் இடிக்கலீங்களா?" என்றார்.

"நீங்க இடிச்சிருக்கணும்னு இல்லைம்மா."

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்குதுங்களே சார். குச்சி நுனி கண்ணாடியில போய்ப் படற மாதிரி. மொதல்ல இல்லைங்க. நீங்க சொல்லிட்டுப் போன பொறவு, நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். அப்பறம் நல்லாவே தெரிஞ்சுதுங்க." கீரையைக் கீழே வைத்தார். "பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லிட்டேன். செய்யாததச் செஞ்சேன்னு சாமியார்கிட்டச் சொன்னா, அது பொய்யிங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல சொல்லுவாராக்கும்," என்றார். "சொல்லட்டும். கோயில்ல யாரும் என்னைய ஒண்ணும் பண்ணல. நீங்க உள்ள வாங்க. எம் மருமவ காதுல உழற மாதிரி சொல்லுங்க."

மருமகள் பெயர் ஸ்டெல்லா. திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் படித்தவர். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதை இடையில் பேசாமல் முழுதும் கேட்டார். கெட்ட பெண் இல்லை. பிள்ளையைப் பெற்று ஆறு மாதமான எந்தத் தாயும் அப்படித்தான் இருப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றார். "அன்னைக்கும் நீங்க நிச்சயமாத்தான் சொன்னீங்களாம். இன்னைக்கும் நிச்சயமாத்தான் சொல்றீங்க. நான் எந்த நாள் சாரை நம்பறது?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அத்தை கையிலேருந்து ரெண்டு தடவை டம்ளர் விழுந்துச்சுங்க. என் கண்ணால பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி விழுந்திருக்கா?"

யோசித்தார். "முன்னாடி நான் கவனிக்கலைங்க."

ஆரோக்கியமேரி கதவோரம் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கைகள் இப்போது உண்மையிலேயே நடுங்குகின்றனவா, அன்று என் வாயிலிருந்து போன நடுக்கம்தான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

ஸ்டெல்லா நேராக என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அத்தை அதைத் தொடவே இல்லைன்னு உங்களால சத்தியமாச் சொல்ல முடியுங்களா?"

மறுபடியும் இரண்டு கதவுகள். இந்த முறை 'ஆமாம்' என்றால் எல்லாருக்கும் நல்லது. அந்த அம்மாள் கழுத்தை நீட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் என்ன? இரக்கத்துக்காக ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. இன்னொரு இரக்கத்துக்காக இன்னொன்று. நாக்கு நுனிவரை வந்தது. நண்பர்களே, சூளைக்கு முன்னால் எடுத்த முடிவு எதுவும் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"தொடலைன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "நான் அங்கே இல்லை. தொடாமலே அது உடையும்னு மட்டும் தெரியும். இதே மாதிரி இன்னொண்ணு என் மேசைமேல, யாரும் தொடாம, என் கண் முன்னாடி உடைஞ்சுது. உங்க அத்தை கை ஆடுச்சுன்னு நான் சொன்னது, பார்த்துச் சொன்னது இல்லை. சும்மா சொன்னேன்."

ஆரோக்கியமேரியின் முகம் விழுந்துவிட்டது. அவர் கேட்க விரும்பியது இதுவல்ல. இதற்காகவா உன்னை உள்ளே கூப்பிட்டேன் என்பதுபோல் பார்த்தார். மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் வந்து கெடுத்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் உடைந்தால், முதலில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். விரிசல் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்று தேடுங்கள். அப்படி ஒரு புள்ளி கிடைக்கும்வரை பக்கத்தில் நிற்கும் மனிதரைப் பார்க்காதீர்கள். பழைய தொழிலில் கற்ற கண்ணைப் புதிய தொழிலில் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள். யாருக்காவது ஆறுதல் சொல்லத் தோன்றினால், அந்த ஆறுதல் எதை உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகு வருகிறது என்று ஒரு முறை யோசியுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அன்று அந்த வீட்டில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து போகத்தான் பையை எடுத்தேன். பையில் துண்டுகள் இருந்தன, கருப்புத் தாள்களும் இருந்தன. பங்குத் தந்தைக்குக் காட்டக் கொண்டுவந்தவை. "வேணும்னா நீங்களே பாருங்கம்மா," என்றேன். "என்னை நம்ப வேண்டாம்."

இன்ஜினீயரிங் படித்தவர் அல்லவா, தாள்களைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் முகத்தில் வேறு ஒரு கவனம் வந்தது. "எல்சிடி ஷீட்டுங்களா இது?" என்றார். ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு. ரெண்டும் குறுக்கா. நடுவுல நான் கண்ணாடியைப் பிடிக்கறேன்."

ஸ்டெல்லாவின் ஒரு கையில் குழந்தை இருந்தது. அவர் கண் தாளிலேயே இருந்தது. யோசிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் பக்கமாகக் குழந்தையை நீட்டி, "பிடிங்க அத்தை," என்றார்.

ஆரோக்கியமேரி முந்தானையிலிருந்து கைகளை உருவினார். "வா சாமி," என்று வாங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லா வாசல் வெயிலைப் பார்த்து நின்று இரண்டு தாள்களையும் திருப்பினார். இருட்டானது. நான் இடையில் துண்டைப் பிடித்தேன். "அட, நடுவுல வெள்ளையா எரியுதே! இதுங்களா?" என்றார். இதுதான் என்றேன். "உள்ளயே இருந்திருக்குதா இது, மொதல்லேருந்து?" என்றார். ஆமாம் என்றேன்.

பின்னால் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கப் போனார். நான் அவசரமாக, "இன்னொண்ணு பாருங்க, இதுல இன்னும் நல்லாத் தெரியும்," என்றேன். மறுபடியும் தாள்களை உயர்த்தினார்.

பையில் ஐந்து துண்டுகள் இருந்தன. காட்ட வேண்டியது முதல் துண்டிலேயே தெரிந்துவிட்டது. நான் ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றையும் வேட்டி நுனியில் துடைத்து, எந்தப் பக்கம் மேல் என்று திருப்பிப் பார்த்து, மெதுவாகத்தான் பிடித்தேன்.